டிஎல்எஸ் (லேசர் வெளிச்ச சிதறல்) சைஸ் மட்டும்தான் சொல்லுது, ஆர்என்ஏ நானோ துகளுக்கு உள்ள பாக்க சிதறல் முறை எப்பிடி உதவும்?

டிக்கோயா_மழை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கெமிஸ்ட்ரி பைனல் இயர், அடுத்த மாசம் செமினார் இருக்கு, தலைப்பு நியூக்கிளிக்கமில (டிஎன்ஏ, ஆர்என்ஏ) நானோ துகள்களோட கட்டமைப்ப சிதறல் முறையால படிக்கிறது. தடுப்பூசியில வந்த எம்ஆர்என்ஏ லிப்பிட் துகள (லிப்பிட், அதாவது கொழுப்பு உருண்டைக்குள்ள எம்ஆர்என்ஏ) உதாரணமா எடுத்துருக்கேன். படிச்ச வரைக்கும் எல்லா பேப்பர்லயும் மொதல்ல டிஎல்எஸ் போட்டு 80, 90 நானோமீட்டர்னு ஒரு சைஸ் சொல்றாங்க, அதுக்கப்புறம் எக்ஸ்கதிர் சிதறல், நியூத்திரன் சிதறல்னு போறாங்க, அங்கதான் எனக்கு புடி கிடைக்க மாட்டேங்குது. சைஸ் தெரிஞ்ச பிறகு இன்னும் என்னத்த தேடுறாங்க? லேசரும் சிதறல், எக்ஸ்கதிரும் சிதறல்னா ஏன் ஒண்ணு போதாது? லீவுக்கு வீட்டுக்கு வந்துட்டேன், லைப்ரரி கைக்கெட்டல, தெரிஞ்ச அண்ணன்மார் அக்காமார் கொஞ்சம் சொல்லித் தாங்க.

பேராதனை_மேசை:
தங்கச்சி நல்ல தலைப்பு எடுத்துருக்க. டிஎல்எஸ்ல இருந்து ஆரம்பிப்போம். அதுல லேசர் அடிச்சு, துகள் தண்ணிக்குள்ள எவ்வளவு வேகமா ஆடுதுங்கிறதத்தான் அளக்குறோம், சைஸ நேரா அளக்கல. ஆட்டத்துல இருந்து விரவல் குணகம் (எவ்வளவு சீக்கிரம் பரவுதுங்கிற அளவு), அதுல இருந்து ஸ்டோக்ஸ் ஐன்ஸ்டீன் சமன்பாட்டுல ஆரை. அப்ப வர்ற ஆரை துகளோட சேர்ந்து இழுபட்டு வர்ற தண்ணிய, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பெக் (ஒரு நீள பொலிமர்) முடிகள எல்லாம் சேத்து வர்ற ஆரை. பாகுநிலை, வெப்பநிலை ரெண்டும் சரியா குடுக்காட்டி ஆரையும் தப்பாத்தான் வரும். துகள் கரைசல்ல சுக்ரோஸ் இருந்தா பாகுநிலை தண்ணியோடது இல்ல, இத மறந்துட்டு ரிப்போர்ட் எழுதுறவங்கள நெறைய பாத்துருக்கேன்.

அடுத்தது இன்னும் முக்கியம். அலைநீளத்த விட துகள் நல்லா சின்னதா இருக்கிற வரைக்கும் சிதறுற வெளிச்சம் ஆரையோட 6 ஆவது அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும். விட்டம் ரெண்டு மடங்கானா 64 மடங்கு வெளிச்சம். அதனால நல்ல துகள் ஆயிரம் இருக்கிற எடத்துல நாலு பெரிய கட்டி கெடந்தாலும் மெஷின் அந்த கட்டியப் பத்தித்தான் சத்தமா பேசும். குவெட்ல (சாம்பிள் ஊத்துற குட்டிக் குப்பியில) ஒரு தூசி இருந்தாலும் அதே கதிதான். அதனால டிஎல்எஸ் நம்பர பாக்குறப்ப பிடிஐ (சைஸ் எவ்வளவு கலப்படம்னு சொல்ற எண்) எவ்வளவு, வடிகட்டினாங்களா, எத்தன கோணத்துல அளந்தாங்கன்னு சேத்துக் கேளு.

நானுஓயா_பனி:
நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், உயிரியல் பக்கம் குறைவு, ஆனா "லேசர் ஏன் போதாது"ங்கிற கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியும்.

இங்க நுவரெலியா பக்கம் லேசா பனி எறங்குற ராத்திரியில நிலாவ பாத்தா சுத்தி ஒரு வெளிச்ச வளையம் தெரியும். அது பனித்துளியில பட்டு வெளிச்சம் கோணலடையுறதால, அதாவது வளைஞ்சு பரவுறதால வர்றது. துளி சின்னதாக ஆக வளையம் பெரிசாகும், துளி பெரிசாக ஆக வளையம் சுருங்கும். 20 மைக்ரோமீட்டர் துளின்னா மொதல் இருட்டு வட்டம் நடுவுல இருந்து கிட்டத்தட்ட 2 பாகையில வரும், 10 மைக்ரோமீட்டர்னா கிட்டத்தட்ட 4 பாகை. துளியெல்லாம் ஒரே அளவுல இருந்தா வளையம் நிறம் நிறமா தெளிவா நிக்கும், கலப்படமா இருந்தா கலங்கிப் போயி ஒரு வெள்ளை மங்கல்தான் மிஞ்சும். மகள், நீ படிக்கிற எக்ஸ்கதிர் சிதறல்ல நடக்குறதும் இதேதான், துளிக்குப் பதிலா உன்னோட துகள், நிலா வெளிச்சத்துக்குப் பதிலா எக்ஸ்கதிர். சின்ன அமைப்பு பெரிய கோணத்துல, பெரிய அமைப்பு சின்ன கோணத்துல.

அலைநீளம் மாறினா கோணமும் மாறும், அதனால கோணத்த அப்பிடியே எழுதாம கியூன்னு ஒரு கணியத்த எடுக்குறாங்க. கியூ சமன் 4 பை சைன் தீற்றா வகுத்தல் அலைநீளம், இங்க சிதறு கோணம் 2 தீற்றா. எந்த நீள அளவ பாக்குறோம்னு தெரிய 2 பை ய கியூவால வகுத்தா போதும். இப்ப கணக்கு போட்டு பாரு. 633 நானோமீட்டர் சிவப்பு லேசர், தண்ணியோட முறிவுச்சுட்டி 1.33 (லேசரோட அலைநீளத்த இதால வகுக்கணும்), கோணம் 173 பாகை. கியூ கிட்டத்தட்ட 0.026 (ஒன்றின் கீழ் நானோமீட்டர்ல) வரும், அதாவது 240 நானோமீட்டர் அளவு. லேசரால தொடக்கூடிய ஆக நுணுக்கமான அளவே அவ்வளவுதான் (டிஎல்எஸ் 90னு சொல்றது துகளோட ஆட்டத்த வச்சு). 90 நானோமீட்டர் துகளுக்கு உள்ள 6 நானோமீட்டர்ல ஏதாவது அடுக்கு இருந்தா அதுக்கு தெரியவே தெரியாது. செப்பு குழாயில வர்ற 0.154 நானோமீட்டர் எக்ஸ்கதிர எடு, 6.28 நானோமீட்டர் இடைவெளி 1.4 பாகையில முகடா வந்து நிக்கும்.

டிக்கோயா_மழை:
சேர் ரொம்ப நன்றி, கணக்க நானே போட்டுப் பாத்தேன், சரியா வருது. அப்ப துகளோட முழு சைஸும் இதே எக்ஸ்கதிர்ல தெரியணும்னா இன்னும் சின்ன கோணம் போகணும், சரியா? 50 நானோமீட்டர் ஆரைக்கு எவ்வளவு சின்னது?

நானுஓயா_பனி:
சரி. துகளோட பொருள் நடுவுல இருந்து எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு சொல்றது சுழற்சி ஆரை, அதாவது ஆர்ஜீ. கோளத்துக்கு அது ஆரையோட 0.775 மடங்கு, உன்னோடதுக்கு 38.7 நானோமீட்டர். கினியே விதி (சின்ன கோணத்துல சிதறல் குறையுற விதத்துல இருந்து ஆர்ஜீ எடுக்குற விதி) நிக்கணும்னா கியூ பெருக்கல் ஆர்ஜீ 1.3 க்கு கீழ இருக்கணும், அப்ப கியூ 0.034 க்குள்ள. அந்த கோணம் 0.05 பாகை கூட வராது. நேரா வர்ற கதிர மறைக்க நடுவுல ஒரு தடுப்பு வச்சிருப்பாங்க, அந்த தடுப்போட ஓரத்துலயே உன் தகவல் முழுக்க இருக்கும். அதனாலதான் இந்த கருவிகள்ல சாம்பிளுக்கும் டிடெக்டருக்கும் நடுவுல மீட்டர் கணக்குல வெற்றிடக் குழாய் வைக்கிறாங்க.

லிந்துலை_அக்கா:
நான் ஆஸ்பத்திரி பார்மசி பக்கம். 2021ல இந்த ஊசி வந்தப்ப பைசர் மருந்த மைனஸ் 60ல இருந்து 90க்குள்ள வைக்கணும்னு சொன்னாங்க, அப்ப எல்லாருக்கும் கவல குளிர்சாதனப் பெட்டிதான். எனக்கு ஒரு கேள்வி. மருந்து வேல செய்யுதா இல்லையாங்கிறதுதானே நோயாளிக்கு முக்கியம், உள்ள அடுக்கு 6 நானோமீட்டரா 7 நானோமீட்டரான்னு தெரிஞ்சு என்ன நடக்கப் போகுது? தப்பா எடுக்க வேணாம், உண்மையாவே தெரிஞ்சுக்க கேக்குறேன்.

கொத்மலை_கரை:
அக்கா நீங்க கேட்டதுதான் முழு விசயத்துக்கும் அச்சாணி. நான் ஊருக்கு வெளிய பிஎச்டி செய்றேன், வேல முழுக்க லிப்பிட் துகள்தான்.

இந்த துகள்ல 4 வகை லிப்பிட் இருக்கு. 2018ல அனுமதி கெடைச்ச பட்டிசிரான் மருந்த (இதுவும் லிப்பிட் துகளுக்குள்ள ஆர்என்ஏதான்) எடுத்தா, அயனாகக் கூடிய லிப்பிட் 50, கொலஸ்திரோல் 38.5, டிஎஸ்பிசி (ஒரு பொசுபோலிப்பிட்) 10, பெக் லிப்பிட் 1.5, எல்லாம் மூல் வீதத்துல. அந்த 50 வீத லிப்பிட்டோட பிகேஏ, அதாவது பாதி லிப்பிட் ஏற்றம் வாங்கியிருக்கிற பிஎச், 6.4 கிட்ட. ரத்தத்துல பிஎச் 7.4, அங்க அது பெரும்பாலும் ஏற்றம் இல்லாம கெடக்கும். கலம் துகள முழுங்கி எண்டோசோம்ங்கிற பைக்குள்ள போட்டதும் அமிலம் கூடும், லிப்பிட் நேரேற்றம் வாங்கும், பையோட மென்சவ்வு எதிரேற்றம், ரெண்டும் கலந்து சவ்வு கிழிஞ்சாத்தான் ஆர்என்ஏ வெளிய வரும். வராட்டி உள்ளயே செத்துப் போகும், மருந்து வேல செய்யாது. உள்ள போறதுல ரொம்ப சின்ன பங்குதான் வெளிய தப்பிச்சு வருது.

சவ்வு கிழியுறது லிப்பிட் எப்பிடி அடுக்கியிருக்குங்கிறதுல தங்கியிருக்கு. இது இன்னைக்கு நேத்து தெரிஞ்சது இல்ல. 1997ல சயன்ஸ் பத்திரிகையில டிஎன்ஏயும் நேரேற்ற லிப்பிட்டும் சேர்ந்தா தாள் தாளா அடுக்கி நடு நடுவுல டிஎன்ஏ கம்பி படுத்துருக்குன்னு சின்க்ரோட்ரோன் (பலமான எக்ஸ்கதிர் தர்ற பெரிய முடுக்கி) எக்ஸ்கதிர் வச்சு காட்டினாங்க, அடுத்த வருசமே லிப்பிட்ட மாத்தினா அறுகோண குழாய் அமைப்புக்கு மாறுது, அது சவ்வோட சீக்கிரம் கலக்குதுன்னு காட்டினாங்க. ரெண்டையும் முகடு நிக்கிற எடத்துலயே பிரிச்சு சொல்லலாம். தாள் அடுக்குன்னா முகடுகள் 1, 2, 3 ங்கிற விகிதத்துல வரும், அறுகோணம்னா 1, வர்க்கமூலம் 3, 2. இப்ப எம்ஆர்என்ஏ துகளுக்குத் தேவையான லிப்பிட்டுகளயும் பிஎச் படிப்படியா எறக்கி எறக்கி அளக்குறாங்க, எந்த பிஎச்ல எந்த அமைப்புக்கு மாறுதுன்னு தெரிஞ்சா எந்த லிப்பிட் நல்லா வேல செய்யும்னு முன்கூட்டியே யோசிக்கலாம். உங்க நோயாளிக்கு குறைஞ்ச டோஸ்ல மருந்து வேல செய்றதுக்கும் அந்த முகட்டுக்கும் சம்பந்தம் இருக்கு அக்கா.

லிந்துலை_அக்கா:
இப்ப வெளங்குது. இத யாராவது அன்னைக்கே இப்பிடி சொல்லியிருந்தா ஊசி போட வந்த தோட்டத்து ஆக்களுக்கு நானும் நல்லா வெளங்கப்படுத்தியிருப்பேன்.

பதுளை_பாதை:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன். நான் இலத்திரன் நுணுக்குக்காட்டி ஆள். கிரையோ முறையில துகள உறைய வச்சு படம் எடுத்தா கண்ணாலயே பாக்கலாம், உருண்டையா, பக்கத்துல ஒரு குமிழ் ஒட்டிக்கிட்டு இருக்கா, நடுவுல கறுப்பா அடர்த்தியா இருக்கா எல்லாம் தெரியும். சிதறல்ல கெடைக்கிறது ஒரே ஒரு வளைவு. அந்த வளைவுக்கு பத்து மொடல் பொருந்தும். பொருந்துச்சுன்னு ஒண்ண எடுத்து பேப்பர்ல அழகா படம் வரைஞ்சு போட்டுடுறாங்க, பாக்குற பிள்ளைங்க அதுதான் உண்மைன்னு நம்பிடுது. தங்கச்சி செமினார்ல இத கட்டாயம் சொல்லணும்.

கொத்மலை_கரை:
அண்ணே மொடல் ஒண்ணே ஒண்ணு இல்லைங்கிறத முழுசா ஒத்துக்குறேன். சிதறின அலையோட கட்டம் (முகடு பள்ளம் எங்க நிக்குதுங்கிற தகவல்) தொலைஞ்சு போகுது, அதோட துகள் எல்லா திசையிலயும் திரும்பித் திரும்பி இருக்கிறதால திசை தகவலும் போகுது. 1952ல ரோசலிண்ட் பிராங்க்ளின் லெப்ல கோஸ்லிங் எடுத்த டிஎன்ஏ படத்துல சிலுவை மாதிரி தெரிஞ்சது நார் எல்லாம் ஒரே பக்கமா படுத்துருந்ததால. கரைசல்ல அந்த வசதி இல்ல, எல்லாம் வளையமா கலந்துரும்.

ஆனா படத்துக்கும் எல்லை இருக்குதே அண்ணே. நீங்க உறைய வைக்கிற படலம் ரொம்ப மெல்லிசு, பெரிய துகள் அந்த மெல்லிசுக்குள்ள நிக்காம ஓரத்துக்கு தள்ளுப்படும். எண்ணுறது நூறு, ஆயிரம் துகள். ஒரு மில்லி லீட்டர்ல ஒரு மில்லிகிராம் துகள் இருந்தா, 100 நானோமீட்டர் விட்டத்துக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 2 ட்ரில்லியன் துகள், எக்ஸ்கதிர் ஒரு மைக்ரோ லீட்டர்ல பட்டாலே 2 பில்லியன் துகள் ஒண்ணா பதில் சொல்லுது. உறைய வைக்காம, சாயம் போடாம, 37 பாகையில, பிஎச் மாத்திக்கிட்டே அளக்கலாம். குமிழ் ஒட்டின துகளயும் ஒட்டாத துகளயும் பிரிச்சு சொல்ல சிதறலால கஷ்டம், அதுக்கு உங்க படம் வேணும். மொத்த சாம்பிளும் அப்பிடித்தானான்னு கேட்டா படத்தால முடியாது, அதுக்கு எங்க வளைவு வேணும்.

பதுளை_பாதை:
இது நியாயமான பேச்சு. தள்ளுப்படுற விசயம் உண்மைதான், நாங்களும் பாத்துருக்கோம். அப்ப மொடல குறைக்க என்ன வழி? படத்த மட்டும் பாத்து தீர்மானிக்கிறதா?

கொத்மலை_கரை:
படம் ஒரு வழி. இன்னொரு வழி நியூத்திரன், எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி இது, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

எக்ஸ்கதிர் இலத்திரன்ல பட்டு சிதறுது. தண்ணியில ஒரு கன நானோமீட்டருக்கு 334 இலத்திரன், லிப்பிட் வால் பகுதி அத விட குறைவு, நியூக்கிளிக்கமிலம் பொசுபேற்று இருக்கிறதால 550 கிட்ட. அதனால எக்ஸ்கதிர் கண்ணுக்கு ஆர்என்ஏ நல்லா தூக்கலா தெரியும், ஆனா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், ஒண்ண மறைச்சுட்டு இன்னொண்ண லேசுல பாக்க முடியாது. நியூத்திரன் கருவுல பட்டு சிதறுது. சாதா ஐதரசனுக்கு சிதறல் நீளம் மைனஸ் 3.74 பெம்டோமீட்டர், டியூட்டீரியத்துக்கு பிளஸ் 6.67. ஒரே மூலகம், இரசாயனம் கிட்டத்தட்ட ஒண்ணு, நியூத்திரனுக்கு மட்டும் முழுசா வேற ஆள்.

அதனால சாதா தண்ணியையும் கனநீரையும் (டியூட்டீரியத்தால ஆன தண்ணி) கலந்து நமக்குத் தேவையான பின்னணிய செய்யலாம். ஒரு பொருளும் பின்னணியும் ஒரே மாதிரி சிதறினா அந்த பொருள் மறைஞ்சுரும். லிப்பிட்டுகள் பெரும்பாலும் 10ல இருந்து 15 வீத கனநீர்ல மறைஞ்சு போகும், புரதம் 40 வீதம் கிட்ட, டிஎன்ஏ 65 கிட்ட, ஆர்என்ஏ 70 கிட்ட. 12 வீதத்துல அளந்தா லிப்பிட் கண்ணுக்கு தெரியாம போயி ஆர்என்ஏ மட்டும் நிக்கும், 70ல அளந்தா ஆர்என்ஏ மறைஞ்சு லிப்பிட் மட்டும் நிக்கும். அதுக்கு மேல ஒரு குறிப்பிட்ட லிப்பிட்ட மட்டும் டியூட்டீரியம் போட்டு செஞ்சா அந்த ஒண்ணு எங்க ஒக்காந்துருக்குன்னு தேடலாம். 2018ல பிஎன்ஏஎஸ் பத்திரிகையில வந்த ஆய்வு இப்பிடித்தான் டிஎஸ்பிசி பெரும்பாலும் வெளி ஓட்டுல இருக்குன்னும், எம்ஆர்என்ஏ இருக்கிற உள்பகுதியில கணிசமான தண்ணி இருக்குன்னும் காட்டுச்சு. உள்ள தண்ணி இருக்குன்னா ஆர்என்ஏ நீர்ப்பகுப்படைஞ்சு உடையவும் வாய்ப்பு இருக்கு, லிந்துலை அக்கா சொன்ன குளிர்சாதனப் பெட்டி கவலைய இந்த எடத்துல வச்சு யோசிச்சுப் பாருங்க.

இப்ப ஒரே துகளுக்கு நாலஞ்சு கனநீர் அளவுல நாலஞ்சு வளைவு, அதோட ஒரு எக்ஸ்கதிர் வளைவு. எல்லாத்தையும் ஒரே மொடல் ஒரே தடவையில பொருத்தணும். பதுளை அண்ணே சொன்ன பத்து மொடல்ல ஏழெட்டு அங்கயே விழுந்துரும்.

ஒண்ணு மட்டும் கவனம். கனநீர் பபர்ல (தாங்கல் கரைசல்ல) சாதா பிஎச் மீட்டர வச்சா வர்ற நம்பரோட 0.4 கூட்டினாத்தான் உண்மையான பிடி, அதாவது கனநீருக்கான பிஎச். பிகேஏ 6.4ல நிக்கிற லிப்பிட்டுக்கு 0.4ங்கிறது சின்ன விசயமே இல்ல, கூட்டாம விட்டா துகள் வேற ஏற்றத்துல இருக்கும், நீ அளந்தது வேற துகள்.

பேராதனை_மேசை:
அருமையா சொன்னீங்க. எக்ஸ்கதிர் பக்கமும் சில நடைமுறை விசயம் சேக்குறேன், செமினார்ல கேள்வி கேப்பாங்க. பின்னணி கழிக்கிறதுக்கு எடுக்குற பபர், துகள் கடைசியா டயலிசிஸ் செஞ்ச (சவ்வு வழியா கரைசல் மாத்தின) அதே பாத்திரத்து பபரா இருக்கணும், புதுசா கலந்தது வேணாம். சுக்ரோஸ் போட்டா தண்ணியோட இலத்திரன் அடர்த்தி கூடி லிப்பிட் தலைப்பகுதியோட வித்தியாசம் குறையும், சிக்னல் மெலியும். சின்க்ரோட்ரோன் கதிர் பலமானது, ஆர்என்ஏ லிப்பிட் ரெண்டையும் கெடுக்கும், அதனால ஒரே நீண்ட எக்ஸ்போசர் எடுக்காம சின்னச் சின்னதா பல பிரேம் எடுத்து, சாம்பிள கேபிலரியில (மெல்லிய குழாயில) ஓட விட்டு, பிரேம்கள ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாப்பாங்க. கடைசி பிரேம் மொதல் பிரேம்ல இருந்து வெலகினா அங்க இருந்து வெட்டணும். அதோட ஆர்என்ஏ போடாம செஞ்ச வெறும் துகள், வெறும் ஆர்என்ஏ, ரெண்டையும் பக்கத்துல வச்சு அளக்காத பேப்பர்ல முகட்ட "இது ஆர்என்ஏ இடைவெளி"ன்னு சொன்னா நம்பாத தங்கச்சி.

டிக்கோயா_மழை:
இவ்வளவு எழுதினதுக்கு எல்லாருக்கும் மனசார நன்றி. ஒரு கவல மட்டும். நம்ம நாட்டுல சின்க்ரோட்ரோனும் இல்ல, நியூத்திரன் ரியாக்டரும் இல்ல. செமினார் முடிஞ்ச பிறகும் இத தொடர்ந்து செய்யணும்னு ஆச வந்துருச்சு, ஆனா வெளிநாடு போகாட்டி தொடவே ஏலாதா?

கொத்மலை_கரை:
தொடலாம் தங்கச்சி, இன்னைக்கே. சாஸ்வியூன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, சாதா லெப்டொப்ல ஓடும். எஸ்ஏஎஸ்பிடிபின்னு ஒரு திறந்த தரவுத்தளம் இருக்கு, உலகம் முழுக்க அளந்த சிதறல் வளைவுகள பைலா போட்டுருக்காங்க, புரதம், நியூக்கிளிக்கமிலம், ரெண்டும் சேர்ந்த கூட்டுகள். பைல் ரொம்ப சின்னது, போன் டேட்டாவுலயே எறக்கலாம். தெறந்தா மூணு நிரல் எண்கள் இருக்கும், கியூ, செறிவு (சிதறின கதிரோட பலம்), வழு. மொதல்ல லொக் செறிவ கியூ வர்க்கத்துக்கு எதிரா போட்டு கினியே பகுதிய, அதாவது சின்ன கியூ பக்கத்த பாரு, நேர்கோடா இல்லாம மேல வளைஞ்சா கட்டி பிடிச்சுருக்கு. அப்புறம் லொக் லொக் வரைபடத்துல போட்டு, பெரிய கியூவுல சரிவு மைனஸ் 4 க்கு கிட்ட வருதான்னு பாரு, வந்தா கூர்மையான மேற்பரப்பு.

அளக்குற நேரத்துக்கு, பிரான்ஸ் கிரெனோபிள்ல ரெண்டும் இருக்கு, ஈஎஸ்ஆர்எப் எக்ஸ்கதிருக்கு, ஐஎல்எல் நியூத்திரனுக்கு. இங்கிலாந்துல டயமண்ட், ஐசிஸ். பக்கத்துல இந்தியாவுல இந்தூர்ல இண்டஸ் 2, ட்ரோம்பேல துருவா ரியாக்டர்ல நியூத்திரன் சிறுகோண கருவி. விண்ணப்பம் எழுதி, என்ன கேள்வி, ஏன் இந்த கருவிதான் வேணும்னு தெளிவா சொல்லணும், அதுக்கு கைவசம் டிஎல்எஸ் தரவும் மாதிரிக் கணக்கும் இருந்தா பலம். உன் லெக்சரர் மூலமா வெளிநாட்டு குழுவோட சேர்ந்து போடுறது நடைமுறையில லேசு.

நானுஓயா_பனி:
இங்க ஏ லெவல்ல மெத்ஸ் படிக்கிற பிள்ளைங்களுக்கு கூட அந்த கினியே வரைபடம் போட வைக்கலாம் போலயே. லொக் செறிவ கியூ வர்க்கத்துக்கு எதிரா போட்டா படித்திறன் மைனஸ் ஆர்ஜீ வர்க்கத்தின் மூணுல ஒரு பங்கு, நேர்கோட்டு கணக்குதான். அடுத்த தவணைக்கு நான் செஞ்சு பாக்கப் போறேன். இயற்கை லொக் எடுக்கணும்னு மட்டும் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கணும்.

டிக்கோயா_மழை:
அண்ணே ரெண்டு பைல் எறக்கிட்டேன், ஒண்ணு ஒழுங்கா வருது. ரெண்டாவதுல ஆர்ஜீ 2.1 நானோமீட்டர்னு வருது, ஆனா அவங்க பேப்பர்ல 21னு இருக்கு. எங்க பிழை?

பேராதனை_மேசை:
பிழை உன்னுடையது இல்ல, யூனிட் குழப்பம். சில பைல்ல கியூ ஒன்றின் கீழ் அங்ஸ்ட்ரோம்ல, சிலதுல ஒன்றின் கீழ் நானோமீட்டர்ல இருக்கும், 10 மடங்கு வித்தியாசம். பேப்பர்ல உள்ள 21 அங்ஸ்ட்ரோமா நானோமீட்டரான்னு மொதல்ல பாரு, அடுத்து பைலோட தலை வரிய பாரு, அடுத்து கடைசி கியூ எவ்வளவுன்னு பாரு, 0.3 கிட்ட முடிஞ்சா பெரும்பாலும் அங்ஸ்ட்ரோம், 3 கிட்ட முடிஞ்சா நானோமீட்டர். மொதல்ல கியூ பெருக்கல் ஆர்ஜீ 1.3 தாண்டாம இருக்கான்னும் பாத்துக்க.

அதோட ஸ்லைட்ல ஒண்ணு சேத்துக்க, டிஎல்எஸ் ஆரையையும் சிதறல் ஆர்ஜீயையும் பக்கத்துல வச்சு ஆர்ஜீ வகுத்தல் டிஎல்எஸ் ஆரைன்னு ஒரு விகிதம் போடு. முழுசா நெறைஞ்ச கோளம்னா 0.775 கிட்ட, உள்ள வெறுமையா மெல்லிய ஓடுன்னா 1 கிட்ட. ரெண்டு மெஷின் நம்பர வச்சே துகள் நெறைஞ்சதா வெறுமையான்னு ஒரு மொதல் பதில் கெடைக்கும், நீ மொதல்ல கேட்ட கேள்விக்கு ஸ்லைட்ல வைக்க இதுதான் நல்ல எடம். பைல் தலை வரிய பாத்துட்டு இங்கயே போடு, நாளைக்கு காலையில பாக்குறேன்.